காமோர்ட்டாவில் ஒரு சுவிட்ச்

சென்னையிலிருந்து புறப்பட்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தொடும் ஒளியிழைக் கடலடிக் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்டு 10 அன்று அது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய் செலவும் கொண்ட இத்திட்டத்தை மத்திய அரசின் நிதியில் பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. சென்னைக்கும், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 200 ஜிகாபிட் கொள்ளளவுள்ள இரு தடங்களும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், காமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கு நொடிக்கு 100 ஜிகாபிட் கொள்ளளவுள்ள இரு தடங்களும் இத்திட்டத்தில் வகுக்கப்பட்டன. அதுவரை நிலப்பகுதியோடான தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பலராலும் எழுதப்பட்டுவிட்டது. கேபிள் கரையேறிய பிறகு நடக்க வேண்டிய, வெளியே தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. தீவுகளின் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் அக்கேபிளின் பயனைக் கொண்டுசேர்க்கும் ரவுட்டர், சுவிட்ச், சர்வர், யு.பி.எஸ்., கண்காணிப்புக் கேமரா ஆகிய ஒவ்வொன்றும் உயிரோடிருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்து அறியும் ஏற்பாடுதான் அது. அதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை.

இந்த வேலை எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் தீவுகளில் அதன் கணக்கே வேறு. மதுரையில் ஒரு கிளை அலுவலகத்தின் சுவிட்ச் நின்றுபோனால் ஒருவர் இருசக்கர வண்டியில் சென்று பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். நிக்கோபார் மாவட்டத்திலுள்ள காமோர்ட்டாவில் அதே சுவிட்ச் நின்றால், ஸ்ரீ விஜய புரத்திலிருந்து கப்பலோ ஹெலிகாப்டரோ கிடைக்க வேண்டும், வானிலை ஒத்துழைக்க வேண்டும், பழங்குடியினர் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட்ட பகுதி என்பதால் வெளியாருக்குத் தனி அனுமதியும் வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, சுவிட்சில் பழுதே இல்லை, மின்சாரம்தான் போயிருந்தது என்று தெரியவந்தால், வீணான நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது. ஆகவே தீவுகளில் கருவி நின்றுவிட்டது என்ற செய்தி மட்டும் போதாது; அது ஏன் பேசாமலிருக்கிறது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கூடுமானவரை பிரித்தறியத்தக்க வகையில் கண்காணிப்பு அமைந்திருக்க வேண்டும். 836 தீவுகளும் திட்டுகளும் கொண்டு, வடக்கு தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்பில் கண்காணிப்பை அமைப்பவர் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் முடிவு கருவியை வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. கடைகளில் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சாதாரண சுவிட்ச், கேபிளைச் செருகியவுடன் வேலை செய்யும். ஆனால் அதற்கென்று ஒரு முகவரி கிடையாது, அதனிடம் எதையும் கேட்க முடியாது, எத்தனை கணினிகள் இணைந்துள்ளன என்பதைக்கூட அது யாருக்கும் சொல்லாது. விலை பல மடங்கு கூடிய 'மேனேஜ்டு' சுவிட்சுக்குத் தனி ஐ.பி. முகவரி உண்டு. அது தன் ஒவ்வொரு இணைப்பு வாயையும், அதாவது போர்ட்டையும், பற்றிய கணக்கை வைத்திருக்கும். கேட்டால் சொல்லும், கட்டளையிட்டால் ஒரு போர்ட்டை மூடித் திறக்கவும் செய்யும். இவ்வாறு கேட்டால் பதில் சொல்லக்கூடிய கருவிகளால் ஆன வலையமைப்பையே மேலாண்மைக்கு உட்பட்ட வலையமைப்பு என்கிறார்கள். செலவைக் குறைப்பதற்காகத் தலைமை அலுவலகத்தில் உயர்ந்த சுவிட்சையும் கடைக்கோடித் தீவில் மலிவான சுவிட்சையும் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. உண்மையில் அது தலைகீழாக இருந்தாலும் தவறில்லை, ஏனெனில் எளிதில் போய்ப் பார்க்க முடியாத இடத்தில்தான் பேசத் தெரிந்த கருவி அதிகம் தேவைப்படுகிறது.

கருவியிடம் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி, இருக்கிறாயா என்பதுதான். பிங் எனப்படும் சிறு நிரல் இதைச் செய்கிறது. அமெரிக்க ராணுவத்தின் எறிகணை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், வலையமைப்பில் நேர்ந்த ஒரு கோளாறைத் துப்பறிவதற்காக 1983 டிசம்பரில் அதை எழுதினார். ஒரு சிறு தரவுப் பொட்டலம் அனுப்பப்படும். எதிர்முனை அதை அப்படியே திருப்பியனுப்பும். போய்வந்த நேரம் மில்லிநொடியில் அளக்கப்படும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கண்காணிப்பின் முதல் படி இதுவே. ஆனால் தீவுகளில் இந்த எளிய அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னைக்கும் ஸ்ரீ விஜய புரத்துக்கும் இடையே பொட்டலம் போய்வர ஆகும் நேரம், இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்துச் சில பத்து மில்லிநொடிகளுக்குள் அடங்கிவிடும். அதே பொட்டலம் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய்வர நேர்ந்தால், கேள்வி மேலேறி இறங்கவும் பதில் மேலேறி இறங்கவுமாக ஏறத்தாழ அரை நொடி ஆகும். கேபிள் அறுந்து, மாற்று வழியாகச் செயற்கைக்கோள் இணைப்பு தானாக இயங்கத் தொடங்கினால், ஒரு கருவியும் பழுதாகாத நிலையிலும் எல்லாக் கருவிகளின் மறுமொழி நேரமும் ஒரே நொடியில் பத்து, இருபது மடங்கு கூடிவிடும். நூறு மில்லிநொடியைத் தாண்டினால் எச்சரிக்கை என்று பொதுவான எல்லை ஒன்றைக் குறித்துவைத்த அலுவலகத்தில் அப்போது எச்சரிக்கைகள் மழையெனக் கொட்டும். எல்லை என்பது கருவிக்கு மட்டும் உரியதன்று, அக்கருவியை அந்நேரத்தில் அடையும் வழிக்கும் உரியது என்று கருதி, எந்த வழி இயங்குகிறது என்பதையும் ஒரு கண்காணிப்புப் பொருளாகச் சேர்த்து, அதற்கேற்ப எல்லைகள் மாறும்படி அமைப்பதே இங்கே பொருந்தும்.

பிங்குக்குப் பதில் வருகிறது என்பதால் கருவி நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. சர்வரின் வட்டு நிரம்பி வழிந்து எந்த விண்ணப்பத்தையும் ஏற்க முடியாத நிலையிலும் அது பிங்குக்குச் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். உள்நிலையை அறிய வேறொரு மொழி வேண்டும். பெரும்பாலான கருவிகள் புரிந்துகொள்ளும் அந்த மொழி எஸ்.என்.எம்.பி. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை ஆகும். 1988 ஆகஸ்டில் வெளியான இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இணையத்தை வழிநடத்திய குழுவினர் அவ்வாண்டு கூடி ஆராய்ந்தபோது, பன்னாட்டுத் தர அமைப்பு உருவாக்கிவந்த விரிவான முறையே நீண்டகாலத் தீர்வு என்றும், எஸ்.என்.எம்.பி. அது வரும்வரைக்கான இடைக்கால ஏற்பாடு என்றும் முடிவுசெய்தார்கள். விரிவான முறை இணையத்தில் வேரூன்றவில்லை. இடைக்கால ஏற்பாடு இன்றும் ரவுட்டர்களிலும் அச்சுப்பொறிகளிலும் குளிர்சாதனங்களிலும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஏஜென்ட் எனப்படும் சிறு நிரல் ஒன்று இருந்து, கருவியின் நிலைகளை எண்ணிட்ட பட்டியலாக வைத்திருக்கும். கண்காணிக்கும் சர்வர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க, ஏஜென்ட் மதிப்பைச் சொல்லும். நிலப் பதிவேட்டில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று இறங்கிச் சென்று ஒரு துண்டு நிலத்தை ஐயத்துக்கிடமின்றிச் சுட்டுவதைப் போல, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண்தொடர் ஒன்று உலகிலுள்ள எந்த நிறுவனத்தின் கருவியிலும் ஒரே பொருளைச் சுட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 1.3.6.1.2.1.33.1.2.3 என்ற எண்ணை, வலையமைப்போடு இணைக்கப்பட்ட ஒரு யு.பி.எஸ்.ஸிடம் கேட்டால், அந்தத் தரத்தை அது பின்பற்றுமாயின், தன் பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற மதிப்பீட்டைச் சொல்லும். அதற்கு முந்தைய எண், அதாவது கடைசியில் 2 என முடிவது, மின்சாரம் போய் எத்தனை நொடிகளாக அது பேட்டரியில் ஓடுகிறது என்பதைச் சொல்லும்.

இவ்விரு எண்களும் நிக்கோபாரில் பெறும் மதிப்பை நிலப்பகுதியில் பெறுவதில்லை. தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்படாதவை. ஒவ்வொரு பெரிய தீவும் தன் டீசல் ஜெனரேட்டர்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எல்.சி. இந்தியா தென் அந்தமானில் நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை ஸ்ரீ விஜய புரத்துப் பக்கத்துக்குத் துணைசெய்கின்றன. இந்நிலையில் காமோர்ட்டா அலுவலகத்தின் சுவிட்சும் ரவுட்டரும் ஒரே யு.பி.எஸ்.ஸில் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், அவை பேச்சை நிறுத்துவதற்கு முன் கடைசியாக வந்த பதில்களைப் புரட்டிப் பார்ப்பதே நோயறியும் வழி. யு.பி.எஸ். நாற்பது நிமிடமாகப் பேட்டரியில் ஓடியது, எஞ்சிய நிமிடம் பன்னிரண்டு, ஏழு, மூன்று எனக் குறைந்தது, பிறகு எல்லாம் அடங்கின என்று பதிவு காட்டுமானால், அது மின்தடை. மின்சாரம் வரும்வரை காத்திருப்பது தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கப்பல் தேட வேண்டியதுமில்லை. மின்சாரம் சீராக இருந்து, யு.பி.எஸ்.ஸும் ரவுட்டரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, சுவிட்ச் மட்டும் அடங்கியிருந்தால், மாற்றுச் சுவிட்சோடு ஒருவரை அனுப்பலாம். யு.பி.எஸ்.ஸைக் கண்காணிப்பில் சேர்க்காத அலுவலகத்துக்கு இவ்விரண்டு நிலைகளும் திரையில் ஒரே சிவப்புப் புள்ளியாகவே தெரியும். கணினிப் பிரிவினர் ரவுட்டரையும் சர்வரையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, மின்பிரிவின் பொருள் என்று யு.பி.எஸ்.ஸை விட்டுவிடுவது தீவுகளுக்கு மட்டும் உரிய பழக்கமில்லை என்றாலும், இங்கே அதன் விலை அதிகம்.

அடுத்தது ஒளியிழை இணைப்பின் நிலை. சுவிட்சில் செருகப்படும் ஒளிவாங்கிகள் பலவும் தமக்கு வந்துசேரும் ஒளியின் ஆற்றலை டி.பி.எம். என்ற அலகில் தாமே அளந்து சொல்லக்கூடியவை. இது மடக்கை அலகு என்பதால், மதிப்பு மூன்று குறைந்தாலே வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். ஒரு கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் இடையிலான இணைப்பில் கழித்தல் 8 ஆக இருந்த அளவு, வாரங்கள் போகப் போகக் கழித்தல் 11, கழித்தல் 14 என இறங்குகிறது எனில், இணைப்பு இன்னும் வேலைசெய்துகொண்டிருக்கும், பயனாளர் எவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் இணைப்பு முனையில் அழுக்கோ ஈரமோ சேர்கிறது, அல்லது கேபிள் எங்கோ அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்து, காற்றிலேயே உப்பு கலந்திருக்கும் இடத்தில் செப்பு முனைகள் அரிக்கப்படுவதும் இப்படித்தான் முன்கூட்டியே தெரியும்: போர்ட் இயங்குகிறது என்றே சுவிட்ச் சொல்லும், ஆனால் பிழையோடு வந்துசேர்ந்த பொட்டலங்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். இத்தகைய மெதுவான சரிவுகளுக்கு நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அடுத்த கப்பலில் செல்பவரின் பையில் துப்புரவுக் கருவியும் ஒரு மாற்று ஒளிவாங்கியும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

எதைக் கேட்பது என்பதோடு எவ்வளவு இடைவெளியில் கேட்பது என்பதும் கருவிதோறும் மாறும். ஒரு போர்ட் வழியே போன தரவைக் கருவி வேகம் என்ற அளவில் சொல்வதில்லை. தொடங்கிய நாள் முதல் எத்தனை பைட்டுகள் போயின என்ற மொத்தக் கணக்கையே சொல்லும். இரண்டு முறை கேட்டு, வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். பழைய கணக்குமுறையில் இந்த எண்ணி 32 இருமப் பிட்டுகளால் ஆனது என்பதால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சத்தைத் தொட்டதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் முழுமையாக ஓடும் இணைப்பில் இது ஆறு நிமிடத்துக்குள் நிகழும். ஒரு ஜிகாபிட்டில் 34 நொடியில் நிகழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் அமைப்பு, நடுவே எட்டு முறை எண்ணி சுற்றிவந்ததை அறியாமல், நெரிசலில் திணறும் இணைப்பை ஓய்ந்து கிடப்பதாகக் காட்டும். 64 பிட் எண்ணிகள் வந்து வெகுகாலமாகிறது. ஆயினும் அமைக்கும்போது பழைய எண்தொடரையே தேர்ந்துவிட்டு, வரைபடத்தை நம்பிக் கூடுதல் கொள்ளளவு வேண்டாம் என்று எழுதிவிடும் அலுவலகங்கள் இல்லாமல் போய்விடவில்லை. கருவி இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்பதைச் சொல்லும் எண்ணிக்கும் இதே குறை உண்டு: நொடியின் நூறில் ஒரு பங்கில் எண்ணப்படும் அது 497 நாட்களில் பூச்சியமாகிவிடுவதால், அவ்வளவு நாள் தடையின்றி ஓடிய நல்ல கருவியைத் திடீரென மறுதொடக்கம் செய்ததாகக் கண்காணிப்பு குற்றம் சாட்டும்.

தொலைவின் தாக்கம் கேட்கும் முறையிலும் தெரிகிறது. ஒரு பெரிய சுவிட்சிலிருந்து 500 மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுவதாக வைத்துக்கொண்டால், போய்வர 20 மில்லிநொடி ஆகும் ஒளியிழையில் பத்து நொடியில் வேலை முடிந்துவிடும். அரை நொடி ஆகும் செயற்கைக்கோள் வழியில் நான்கு நிமிடத்துக்கு மேலாகும், அதற்குள் அடுத்த முறைக்கான நேரமே நெருங்கிவிடும். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பு 1993-ல் கொண்டுவந்த மொத்தமாகக் கேட்கும் முறையைப் பயன்படுத்தி ஒரே கேள்வியில் பல மதிப்புகளைப் பெறலாம் என்றாலும், இன்னும் நல்ல வழி, கேட்பவரையே அருகில் கொண்டுபோய் வைப்பது. லாட்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் புராக்ஸி எனப்படும் துணைக் கண்காணிப்பாளர் அமைப்பு உண்டு. கார் நிக்கோபாரிலோ காமோர்ட்டாவிலோ மின்சாரம் அதிகம் இழுக்காத சிறு கணினி ஒன்றை அவ்வாறு வைத்துவிட்டால், அது தன் தீவின் கருவிகளை உள்ளூரிலேயே கேட்டு, பதில்களைத் தொகுத்துத் தலைமைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பும். இடையில் கேபிள் அறுந்தால் பதில்களைத் தன்னிடமே சேர்த்துவைத்து, இணைப்பு மீண்டதும் ஒப்படைக்கும். இதனால் இணைப்பு இல்லாத நாட்களிலும் தீவுக்குள் என்ன நடந்தது என்ற வரலாறு தொலைவதில்லை. மின்தடையா, கருவிப் பழுதா என்ற முன்சொன்ன ஆய்வு முழுவதும் இந்த வரலாற்றின் மேல்தான் நிற்கிறது.

மௌனத்துக்குப் பொருள் காண்பதில் இன்னொரு முக்கியமான ஏற்பாடு, எந்தக் கருவி எந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிறது என்பதைக் கண்காணிப்பு அமைப்புக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. சென்னையிலிருந்து பார்த்தால் ஸ்ரீ விஜய புரத்தின் ரவுட்டருக்குப் பின்னால் காமோர்ட்டாவின் ரவுட்டர், அதற்குப் பின்னால் சுவிட்ச், அதற்குப் பின்னால் கேமராக்கள் என்று ஒரு வம்சாவளி அமையும். 1999 முதல் வளர்ந்துவந்த நாகியோஸ் என்ற மென்பொருளில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் 'பெற்றோர்' யார் என எழுதிவைக்கும் வசதி உள்ளது. பெற்றோர் அடங்கிவிட்டால், பின்னாலுள்ளவற்றை நின்றுவிட்டன என்று சொல்லாமல், எட்ட முடியவில்லை என்று தனியாகக் குறிக்கும். இருநூறு எச்சரிக்கைகளுக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை மட்டுமே வரும். இதை அமைக்கச் சோம்பியவர்களின் திரை, கேபிள் அறுந்த நாளில் முழுவதும் சிவந்துபோய், உண்மையில் பழுதான ஒரே கருவி எது என்பதைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடும். அதே மென்பொருள், ஒரு முறை பதில் வராததை ஐயமாக மட்டும் கொண்டு, குறித்த எண்ணிக்கையில் மீண்டும் கேட்டுப் பார்த்த பின்னரே பழுது என உறுதிசெய்யும். நிலையின்றி எழுவதும் விழுவதுமாக இருக்கும் கருவியைக் கடைசி 21 சோதனைகளின் போக்கைப் பார்த்து அடையாளம் கண்டு, அதன் தொல்லையான எச்சரிக்கைகளை நிறுத்திவைக்கும்.

வழக்கமான அளவு எது என்பதும் இடத்தைப் பொறுத்தது. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்பட, தீவுகள் ஏறத்தாழ 93 பாகையில் இருப்பதால், கோடையில் காலை ஐந்து மணிக்கே அங்கு விடிந்துவிடுகிறது. நிலப்பகுதிக்கு உறங்கும் நேரமாக இருப்பதைக் கொண்டு, அதிகாலைப் போக்குவரத்தைச் சந்தேகத்துக்குரியது என எழுதிய விதி, தீவுகளில் நாள்தோறும் பொய் எச்சரிக்கை எழுப்பக்கூடும்.

நேரம் பற்றிய பேச்சில் சட்டமும் சேர்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் இந்திய எல்லைக்குள் காத்துவைக்க வேண்டும்; வரையறுக்கப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; கருவிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இசைந்த சர்வர்களோடு, ஒத்திசைக்க வேண்டும். மூன்றாவது விதியின் பயனை நடைமுறையில் உடனே உணரலாம். யு.பி.எஸ்.ஸின் கடிகாரமும் ரவுட்டரின் கடிகாரமும் பத்து நிமிடம் முரண்பட்டால், மின்சாரம் போனதால் இணைப்பு அறுந்ததா, இணைப்பு அறுந்த பிறகு மின்சாரம் போனதா என்பதை எந்தப் பதிவைக் கொண்டும் நிறுவ முடியாது.

எல்லாக் கருவிகளோடும் பேசும் உரிமை பெற்ற கண்காணிப்புச் சர்வர், அதே காரணத்தால், திருடர் முதலில் நாடும் இடமாகவும் ஆகிறது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், உலகெங்கும் பயன்பட்ட ஒரு கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பிலேயே தீநிரல் கலக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களை அது சென்றடைந்தது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரு பதிப்புகளில் கடவுச்சொல்லுக்கு நிகரான சொல் மறையாக்கமின்றியே பயணிக்கும். பல கருவிகளில் அது ஆலையிலிருந்து வரும்போதே 'பப்ளிக்' என்று வைக்கப்பட்டிருக்கும், மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். அடையாளச் சோதனையும் மறையாக்கமும் கொண்ட மூன்றாம் பதிப்பு 2002-ல் முழுத் தரமாகிவிட்ட நிலையில், அதையே பயன்படுத்தி, படிக்கும் உரிமையை மட்டும் தந்து, கண்காணிப்புப் பேச்சுக்கெனத் தனித் தடம் ஒதுக்குவது இன்று குறைந்தபட்ச ஒழுங்கு. கருவிகளைக் கண்காணிப்பது மெல்ல மெல்ல ஊழியர்களைக் கண்காணிப்பதாக நழுவிவிடாமல் எல்லை வகுத்துக்கொள்வதும் இதே இடத்தில் செய்ய வேண்டிய வேலைதான். யார் எந்தத் தளத்தோடு எவ்வளவு நேரம் பேசினார் என்ற கணக்கைத் திரட்டும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. சுவிட்சின் நலத்தை அறிய அது தேவைப்படுவதில்லை.

எச்சரிக்கை போய்ச்சேரும் வழியையும் கருவியைப் போலவே ஐயுற வேண்டும். கேபிள் அறுந்தது என்ற மின்னஞ்சலை அதே கேபிள் வழியாக அனுப்ப முயலும் அமைப்பு, அச்செய்தியைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். குறுஞ்செய்தி அனுப்ப ஒரு மோடத்தைப் பொருத்தலாம் என்றால், அலைபேசிக் கோபுரமும் நிலப்பகுதியை அடைய அதே கேபிளைச் சார்ந்திருக்கலாம். ஆகவே முறையைத் திருப்பிப்போட்டு, ஸ்ரீ விஜய புரத்தின் கண்காணிப்பாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நலச்செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும், அது வராவிட்டால் சென்னையிலுள்ள இன்னொரு சர்வர் தானே குரலெழுப்ப வேண்டும் என்று அமைக்கிறார்கள். கண்காணிப்பாளரின் சர்வரே பழுதாகிக் கிடந்தாலும் இம்முறையில் அது வெளிப்பட்டுவிடும். குரல் எழுந்த பிறகு யாரை அழைப்பது என்ற பட்டியலில், பொறியாளருக்கு முன்பாகக் காமோர்ட்டா அலுவலகத்திலேயே பணிபுரியும் ஒருவரின் பெயரும், அவரை எட்டக்கூடிய மாற்று எண்ணும், சுவிட்சின் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று அவரிடம் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போகும் நாளில் அந்தப் பெயரையும் மாற்ற வேண்டும்.